எவ்வளவு என்று கேட்க மறந்தோம்

நாட்டார் வழக்காற்றியல் தாளைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு ஒரு வசதி உண்டு. பேய்க்கதை ஒன்றைத் தொட்டுவிட்டால் போதும், மதிய உணவுக்குப் பின் வரும் வகுப்பிலும் ஒருவரும் உறங்க மாட்டார்கள். நாமும் அவ்வசதியைப் பல்லாண்டுகள் துய்த்து வந்தோம். புளியமரத்துப் பேயைப் பற்றிச் சொல்வோம். வகுப்பு நிமிர்ந்து உட்காரும். பிறகு குரலைச் சற்றே தாழ்த்தி, "இதற்குள் ஓர் அறிவியல் இருக்கிறது" என்போம். மரங்கள் இரவில் கரியமில வாயுவை வெளிவிடுகின்றன; மரத்தடியில் படுத்தவனுக்கு மூச்சு முட்டும், நெஞ்சின்மேல் யாரோ ஏறி அமர்ந்ததுபோல் தோன்றும்; அதனைத் தடுக்கவே நம் முன்னோர் பேயென்று சொல்லி வைத்தனர். மாணவர் முகங்களில் பெருமிதம் படரும். நம் முகத்திலும்தான்.

2014ஆம் ஆண்டுக் கோடையில் முதுகலை மாணவர் ஒருவர் வகுப்பு முடிந்ததும் அருகில் வந்தார். "ஐயா, நீங்க சொன்னதை வீட்ல சொன்னேன். தாத்தா கட்டிலைத் தூக்கி உள்ளே போட்டுட்டோம்" என்றார். அவர் தாத்தா எண்பதைக் கடந்தவர். மழைக்காலம் நீங்கலாக ஆண்டு முழுவதும் வாசல் வேம்பின் அடியில் கயிற்றுக்கட்டிலில் உறங்கிப் பழகியவர். புளிக்கு நாம் சொன்னதை வேம்புக்கும் பொருத்திக்கொண்டது மாணவரின் பிழையன்று. மரம் என்றுதானே சொல்லியிருந்தோம்?

"நன்று" என்றே நாமும் சொன்னோம். "ஆனா உள்ளே காத்தே இல்லைன்னு ராத்திரி பூராப் புலம்புறாரு ஐயா. கொசுவுக்காக ஜன்னலைச் சாத்தி வெச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அந்தச் சொல் மட்டும் நம்மோடு தங்கிவிட்டது. மரத்தடியில் வாராத மூச்சுமுட்டல் வீட்டுக்குள் எப்படி வந்தது?

ஆசிரியர் ஓய்வறையில் தாவரவியல் நண்பரிடம் கேட்டோம். அவர் சிரிக்கவில்லை, "எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார்.

"எது எவ்வளவு?"

"வாயுதான். மரம் இரவில் கரியமில வாயு விடும் என்பது சரி. எவ்வளவு விடும் என்று என்றைக்காவது யோசித்தீர்களா?"

யோசித்ததில்லை. ஒரு பழைய வினாத்தாளின் பின்புறத்தில் அவர் கணக்குப் போட்டார். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடி கொண்ட ஓர் அறையில் ஏறத்தாழ 28,000 லிட்டர் காற்று இருக்கும். இன்றைய வளிமண்டலத்தில் கரியமில வாயுவின் பங்கு ஏறத்தாழ 0.04 விழுக்காடு, ஆக அவ்வறையில் அது 12 லிட்டர் அளவே. உறங்கும் ஒரு மனிதர் ஒரு மணி நேரத்தில் வெளிவிடுவதும் கிட்டத்தட்ட அதே 12 லிட்டர்தான். அறை முற்றிலும் அடைபட்டிருந்தால் ஒரு மணி நேரத்திலேயே அளவு இரட்டித்துவிடும். கதவிடுக்கும் ஓட்டிடுக்கும் இருப்பதால் நடைமுறையில் அவ்வளவு ஏறுவதில்லை. ஏறினாலும் உடனே கேடில்லை. தொழிற்கூடங்களில் எட்டு மணி நேரப் பணிக்கு 0.5 விழுக்காடு வரை ஏற்கத்தக்கதெனக் கொள்கின்றனர்.

மரமும் நம்மைப்போல் இரவும் பகலும் சுவாசிக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை அதனினும் மிகுதியாக நடப்பதால் சுவாசம் வெளித்தெரிவதில்லை. இரவில் சுவாசம் மட்டும் எஞ்சுகிறது. அப்போது வெளிவரும் வாயு ஒரு கொள்கலத்தில் தேங்குவதில்லை. திறந்த வெளியில் கலந்து கரைந்துவிடுகிறது. காற்றசையாத இரவுகளில் அடர்ந்த காட்டின் தரைமட்டத்தில் அதன் அளவு சற்றே கூடும் என்பது உண்மை. அக்கூடுதலும் ஆளை அமுக்கும் அளவை எட்டுவதில்லை. கிழவரைப் பாதுகாப்பதாக எண்ணி, கரியமில வாயு குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்துக்கே அவரை மாற்றியிருக்கிறோம்.

இந்த அச்சத்துக்கு ஊற்று எதுவெனத் தேடியபோது வியப்பொன்று காத்திருந்தது. 1771இல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவத்தி எரிந்து கெட்ட காற்றைப் புதினாத் தளிரொன்று மீண்டும் எரியத்தக்கதாக்கியதைக் கண்டார். 1779இல் யான் இங்கன்ஹவுஸ் என்னும் டச்சு மருத்துவர், வெயிலில்தான் இலைகள் காற்றைத் தூய்மையாக்குகின்றன, நிழலிலும் இரவிலும் கெடுக்கின்றன என்று நிறுவி நூலெழுதினார். அந்நூலின் நீண்ட தலைப்பிலேயே இரவில் கெடுக்கும் செய்தி இடம்பெற்றிருக்கிறது. ஆனால் இரவின் கேடு பகலின் நன்மைக்கு முன் மிகச் சிறிது என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். முதற்பாதி நம் வகுப்பறை வரை வந்து சேர்ந்தது. மறுபாதி வழியிலேயே நின்றுவிட்டது. முன்னோரின் அறிவு என்று நாம் முழங்கியது, உண்மையில் பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியர் ஒருவரின் பாதி வாக்கியம்!

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு கதை உலவுகிறது: அரசமரம் இருபத்துநான்கு மணி நேரமும் பிராணவாயு தருமாம். ஒளியின்றி ஒளிச்சேர்க்கை இல்லை. ஆகவே இரவில் பிராணவாயு தரும் மரமும் இல்லை. கள்ளி போன்ற சில தாவரங்கள் இரவில் இலைத்துளைகளையோ தண்டுத்துளைகளையோ திறந்து கரியமில வாயுவைச் சேமித்துக்கொள்கின்றன. அவையும் பிராணவாயுவை வெளிவிடப் பகலொளி வேண்டும். அரசமரத்தை வணங்குவோர் வணங்கட்டும். அதற்கு வேதியியல் சான்றிதழ் எதற்கு?

இரவில் மரத்தடியைத் தவிர்க்க நேரிய காரணங்கள் இல்லாமலில்லை. பட்ட கிளை முறிந்து விழலாம், பறவை எச்சமிடும், பூச்சி பொட்டு ஊரும், பாம்பு வரலாம். இவற்றை அறிய எந்த ஆய்வுக்கூடமும் தேவையில்லை. புளியமரத்தில் பேய் என்று சொன்னவர் இவற்றுள் எதனை நினைத்துச் சொன்னார், அல்லது எதனையுமே நினையாமல் பேயையே நம்பிச் சொன்னாரா என்பதற்கு நம்மிடம் சான்றில்லை. சான்றில்லாத இடத்தில் நமக்குப் பிடித்த விடையை வைத்து, அதற்கு அறிவியல் என்று பெயரிட்டோம். பேய்க்கதையை நம்பாதவர் எழுந்து "பொய்" என்று சொல்லிவிடலாம். அறிவியல் என்று ஆசிரியர் சொன்ன பின் எழுந்து நிற்க எந்த மாணவருக்குத் துணிவு வரும்?

அடுத்த ஞாயிறன்று அம்மாணவரின் ஊருக்குப் போனோம். பெரியவர் உள்ளறையில் கட்டிலில் விசிறியோடு அமர்ந்திருந்தார். நாம் சொன்னது தவறென்றும், அவர் பழையபடி வெளியிலேயே கொசுவலை கட்டி உறங்கலாமென்றும், பட்ட கிளை இருந்தால் மட்டும் வெட்டிவிட வேண்டுமென்றும் சொன்னோம். பேரனைத் திரும்பிப் பார்த்தார். "நான் அன்னிக்கே சொன்னேன். வாத்தியார் சொன்னாருன்னுட்டானுங்க" என்றார். பிறகு நம்மிடம், "நாளைக்கு இன்னொரு வாத்தியார் வந்து வேற மாதிரி சொன்னா?" என்று கேட்டார்.

அது குத்தலா, மெய்யான ஐயமா என்று இன்றுவரை விளங்கவில்லை. "எவ்வளவு என்று அவரிடம் கேளுங்கள் ஐயா" என்றோம். அவர் விளங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. மாணவர் தலையசைத்தார். பிறகு நாமும் அவருமாகக் கட்டிலின் இரு பக்கமும் பிடித்து, நிலைப்படியில் இடிக்காமல் சாய்த்து, வாசலுக்குக் கொண்டுவந்தோம். வேம்பின் அடியில் கட்டில் கிடந்த இடத்தில் நான்கு கால்களின் பள்ளமும் அப்படியே இருந்தது.