தலைமன்னார்க் கோச்சி

சென்னையில் ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மீண்டும் 'கோச்சி' பிடித்துக் கொழும்பு சேர்ந்த காலம் ஒன்றிருந்தது. 1914-இல் தொடங்கிய அப்பயணத்தை 'போட் மெயில்' என்றார்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்பு இராமேஸ்வரத்திலிருந்து வந்த கப்பலும் 1980களில் போரினால் நின்றது.

மதவாச்சியில் பிரியும் பாதை, பாலம் கடந்து மன்னார்த் தீவுக்குள் நுழைகிறது. பனையும் மணலும், அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்க மரங்களும், தெருவெல்லாம் கழுதைகளுமாக வரண்ட தீவு இது.

1990-இல் ரயிலும் நின்றது. அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். எருக்கலம்பிட்டி மக்கள் படகேறிக் கற்பிட்டி வந்து, புத்தளம் பகுதியில் ஓலைக் கொட்டில்களில் தங்கினார்கள். ஊர்ப் பள்ளிவாசலில் பாங்கு சொல்ல ஆளில்லை.

இந்திய உதவியுடன் பாதை புதிதாகப் போடப்பட்டு, 2015 மார்ச் 14-இல் தலைமன்னாருக்கு ரயில் வந்தது. அல்ஹம்துலில்லாஹ், மகிழ்ச்சிதான். தண்டவாளத்தைச் சில ஆண்டுகளில் போட்டுவிடலாம். புத்தளத்தில் பிறந்து, அங்கேயே நிக்காஹ் முடித்த பிள்ளைக்கு எருக்கலம்பிட்டி வாப்பாவின் ஊர்தானே! திரும்பியோரும் உண்டு, தங்கிவிட்டோரும் உண்டு. பெருநாளைக்கு ஒருவரையொருவர் பார்க்க பஸ்தான். புத்தளத்திலிருந்து மன்னாருக்கு நேர் ரயில் பாதை போடப்படவில்லை.