தையல் மிஷினைக் காயலான் கடைக்குப் போடுமுன் ஊசியைப் பாருங்கள்



பதிவு கொஞ்சம் நீளம். வேலை முடித்து உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள். வகுப்பில் போல நடுவில் எழுந்து போகக்கூடாது!

நம்ம காசிமேட்டில் பல வீடுகளில் கால் மிஷின் ஒன்று மூலையில் கிடக்கிறது. மேலே துவைத்த துணி மூட்டை, பிள்ளைகளின் பை, சாமி காலண்டர். கேட்டால், "ரிப்பேர் மிஸ்" என்கிறார்கள். நான் பார்த்தவரை பத்தில் எட்டு ரிப்பேரே இல்லை. ஊசி, நூல், எண்ணெய். இந்த மூன்றில் ஒன்றுதான்.

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. படகை நம்பும் வீட்டில் அந்த இரண்டு மாதம் எப்படி ஓடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரசு கொடுக்கும் நிவாரணம் அரிசி, பருப்புக்குச் சரியாகும். பள்ளிக்கூடம் திறக்கும் செலவு பின்னாலேயே வரும்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருத்தி. பெயர் வேண்டாம். இரண்டு பிள்ளைகள், வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். தடைக்காலத்தில் கை ஏந்தக்கூடாது என்று சீட்டுப் பணத்தில் பழைய மிஷின் ஒன்று வாங்கினாள். பத்து நாளில் எனக்குப் போன்.

"மிஸ், மிஷின் நூலைத் துப்புது மிஸ். அடியில பார்த்தா குருவிக் கூடு மாதிரி சுத்திக்கினு கிடக்குது. அவரு வேற, காசைக் கடல்ல போட்டுட்டன்னு திட்டறாரு. காயலான் கடைக்காரர் எடுத்துக்கறேன்னு சொல்றாரு."

"நாளைக் காலைல வரேன். அதுவரைக்கும் யாரும் அதைத் தொடக்கூடாது" என்றேன்.

போய்ப் பார்த்தேன். ஆளாளுக்கு பாபின் கேஸின் குட்டி ஸ்க்ரூவைத் திருகிப் பார்த்திருக்கிறார்கள். கோளாறு அங்கே இல்லவே இல்லை. ஊசி திரும்பிப் போட்டிருந்தது. மேல் நூல் டென்ஷன் தட்டுக்குள் உட்காரவே இல்லை. இவ்வளவுதான்.

அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். காரணம் தெரிந்தால் மறக்காது.

கையால் தைக்கும் ஊசிக்குக் காது எங்கே? பின்னால். மிஷின் ஊசிக்கு? முனையில். 1846-ல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் காப்புரிமை வாங்கிய மிஷினிலும் அப்படித்தான். 1851-ல் ஐசக் சிங்கர் தன் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். நம்ம நாட்டில் 1930-களில் கல்கத்தாவில் ஜெய் இன்ஜினியரிங் கம்பெனி உஷா மிஷினைச் செய்ய ஆரம்பித்தது. உடம்பு மாறினாலும் உயிர் ஒன்றுதான்: மேல் நூலும் கீழ் நூலும் துணியின் நடுவில் கை கோத்துக்கொள்ள வேண்டும்.

எப்படிக் கோக்கிறது? ஊசி துணியைத் துளைத்துக் கீழே போகிறது. கொஞ்சம் மேலே எழும்பும்போது நூல் சின்ன வளையமாகப் பிதுங்குகிறது. கீழே சுற்றும் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து பாபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. பிறகு மேலே ஏறி இறங்கும் கம்பி நூலை இழுத்து இறுக்குகிறது. ஒரு தையல் முடிந்தது.

இப்போது வரிசையாக வாருங்கள்.

1. மேஜை ஆடக்கூடாது. நான்கு காலும் தரையில் பதிய வேண்டும். ஆடினால் அட்டையை மடித்து முட்டுக் கொடுங்கள். ஸ்டூலை மிஷினின் நடுவுக்குப் போடாமல், ஊசிக்கு நேராக உங்கள் மூக்கு வரும்படி போடுங்கள். முதுகு வலி பாதி குறையும்.

2. பெல்ட். விரலால் அழுத்தினால் லேசாக இறங்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் வழுக்கும். கொஞ்சம் வெட்டி மறுபடி கிளிப் போடுங்கள். ரொம்ப இறுக்கினால் பெடல் கனக்கும், முழங்கால் பேசும்.

3. கைச் சக்கரம் எப்போதும் உங்களைப் பார்த்து வர வேண்டும். முதலில் கையால் ஒரு சுற்று, பிறகு கால். எதிர்ப்பக்கம் ஓடினால் நூல் சிக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் நூலே கோக்காமல், பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்துவிட்டு, இரண்டு நாள் பெடல் மட்டும் மிதியுங்கள். நினைத்த இடத்தில் நிறுத்தத் தெரிந்த பிறகுதான் துணி.

4. ஊசி. ஒரு பக்கம் தட்டை, எதிர்ப்பக்கம் நீளப் பள்ளம் இருக்கும். கொக்கி எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் தட்டை இருக்க வேண்டும். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் கொக்கி வருவது தெரியும். பள்ளம் உள்ள பக்கத்திலிருந்துதான் நூல் கோக்க வேண்டும். ஊசியை மேலே முட்டும்வரை தள்ளி ஸ்க்ரூவை இறுக்குங்கள். திரும்பிப் போட்டால் கொக்கிக்கு வளையம் அகப்படாது. தையல் விட்டுவிட்டுப் போகும். மெல்லிய துணிக்கு 11, ஜாக்கெட் துணி, காட்டனுக்கு 14, பேண்ட், ஜீன்ஸுக்கு 16 அல்லது 18.

5. மேல் நூல் கோக்கும்போது பிரஷர் ஃபுட் தூக்கியே இருக்கட்டும். அப்போதுதான் டென்ஷன் தட்டு இரண்டும் விலகி நூலை உள்ளே விடும். ஃபுட்டை இறக்கி வைத்துக் கோத்தால் நூல் தட்டுக்கு வெளியிலேயே நின்றுவிடும், பிடிப்பு இருக்காது. அதுதான் அந்தக் குருவிக் கூடு! கூடு கட்டுவது அடியில், குற்றம் மேலே. தைக்கும்போது ஃபுட்டை இறக்க மறக்கக் கூடாது.

6. பாபின் கேஸை நூலைப் பிடித்துத் தொங்க விடுங்கள். தானாக இறங்கக்கூடாது. லேசாக உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். அப்படி நின்றால் அந்த ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். தொட்டாலும் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

7. தைக்க ஆரம்பிக்கும்போது அந்த ஏறி இறங்கும் கம்பி உச்சியில் இருக்கட்டும். இரண்டு நூல் நுனியையும் ஃபுட்டுக்குப் பின்னால் இழுத்துப் பிடியுங்கள். துணியைப் பிடித்து இழுக்காதீர்கள். கீழே இருக்கிற பல் தள்ளும். உங்கள் கை வழிகாட்டினால் போதும். இழுத்தால் ஊசி வளையும், உடையும்.

8. மேல் நூலுக்கு ஒரு நிறம், கீழ் நூலுக்கு வேறு நிறம் போட்டுத் தைத்துப் பாருங்கள். மேல் நூல் அடியில் எட்டிப் பார்த்தால் மேல் டென்ஷன் தொளதொளப்பு. கீழ் நூல் மேலே வந்தால் மேல் டென்ஷன் அதிக இறுக்கம்.

9. எண்ணெய். மிஷின் எண்ணெய் மட்டும், துளைக்கு ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். அது நாளாக நாளாகப் பிசின் போலக் கட்டிக்கொள்ளும். நம்ம ஊர் உப்புக்காற்றுக்கு இரும்பு தாங்காது. ராத்திரி மூடி வையுங்கள், பல்லுக்கு அடியில் சேரும் பஞ்சைப் பழைய பிரஷ்ஷால் தட்டுங்கள், எண்ணெய் விட்டதும் கழிவுத் துணியில் நாலு வரி ஓட்டுங்கள்.

நேர்க்கோடு வராதவர்களுக்கு ஒரு டீச்சர் வைத்தியம். பிள்ளையின் பழைய நாலு கோடு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, நூல் இல்லாமல் கோட்டின் மேலேயே ஓட்டுங்கள். துளை கோட்டில் விழுந்தால் பாஸ். அதற்குப் பழைய ஊசி போதும். காகிதம் ஊசி முனையை மழுக்கும். உங்களில் எத்தனை பேருக்குக் கையெழுத்தை அப்படித் திருத்தினேன், நினைவிருக்கிறதா?

அந்தப் பெண் இப்போது பக்கத்து வீடுகளுக்குப் புடவை ஃபால்ஸ் அடிக்கிறாள், நைட்டி தைக்கிறாள். எம்.சி. ரோட்டில் துணி, நூல் வாங்கி வருகிறாள். பெரிய வருமானம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடைசி மகளுக்கு நோட்டு, செருப்பு வாங்க யாரிடமும் கேட்கவில்லை என்று சொன்னாள். திட்டிய வீட்டுக்காரர்தான் இப்போது பெல்ட் இழுத்துக் கட்டுகிறாராம். வலை பின்னுகிற கைக்கு முடிச்சு தெரியாதா என்ன!

எனக்கு இதெல்லாம் எங்கிருந்து வந்தது? எங்க அம்மாவிடமிருந்து. அப்பாவுக்கு ஹார்பரில் கூலி வேலை. கப்பல் வந்தால் காசு, இல்லாவிட்டால் இல்லை. நான் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தபோது ஃபீஸ், வெள்ளைப் புடவை எல்லாம் அம்மா தைத்த பாவாடைகளின் காசு. ராத்திரி கரண்ட் போனால் சிம்னி விளக்கு வைத்துக்கொண்டு மிதிப்பார். அந்த டக டக சத்தத்தில்தான் நானும் தம்பியும் தூங்கினோம். "படிப்பு உன்னுது, மிஷின் என்னுது, ரெண்டுல ஒண்ணாவது சோறு போடும்" என்பார்.

இயந்திரங்களைப் பற்றிக் கடுமையாகப் பேசிய காந்திஜிகூட இதற்கு விலக்குக் கொடுத்தார். 1924-ல் சாந்திநிகேதன் மாணவராக இருந்த ஜி. ராமச்சந்திரன், எல்லா இயந்திரங்களும் வேண்டாமா என்று கேட்டபோது, காந்திஜி சிங்கர் தையல் மிஷினைத்தான் உதாரணம் காட்டி, மனிதரின் பாரத்தைக் குறைக்கும் பயனுள்ள பொருள் என்றார். அந்த ராமச்சந்திரன்தான் பின்னாளில் டாக்டர் சௌந்திரம் அம்மாவோடு சேர்ந்து 1947-ல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கினார்.

இன்னொரு பெயரையும் நம்ம வடசென்னைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். சத்தியவாணி முத்து அம்மையார். பெரம்பூர் தொகுதியின் எம்.எல்.ஏ.வாக இருந்தவர், 1967-ல் அண்ணா அமைச்சரவையில் அமைச்சர். அவர் நினைவாகத்தான் தமிழக அரசின் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது. கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் விண்ணப்பிக்கலாம். தையல் தெரியும் என்பதற்குச் சான்று கேட்பார்கள். வயது, வருமான விதிகளை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் நேராகக் கேளுங்கள். தெருவில் புரோக்கர் யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

நீங்கள் பள்ளியில் போட்ட இலவசச் சீருடையும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் இருக்கும் அம்மாக்கள் தைத்ததுதான். 2012-13 முதல் வருடத்துக்கு நான்கு செட். தெரியாத ஒரு அம்மா மிதித்த பெடலில்தான் நாம் எல்லோரும் அசெம்பிளியில் நின்றோம்.

ஆகவே, வீட்டு மூலையில் கிடக்கும் மிஷின் மேலிருந்து துணி மூட்டையை இன்றைக்கே இறக்குங்கள். பிள்ளைகளில் பையனையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்துங்கள். பட்டன் தைக்க ஆண் பிள்ளைக்கும் கை இருக்கிறது. ஊசியின் தட்டைப் பக்கத்தைக் காட்டிக் கொடுங்கள். சரியாக ஓடினால் தைத்த முதல் வரியைப் படம் எடுத்துக் கமெண்டில் போடுங்கள். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, மார்க் போட நான் இருக்கிறேன். ஓடாவிட்டால் என்ன செய்கிறது என்று எழுதுங்கள். காசிமேடு, ராயபுரம் பக்கம் என்றால் சாயங்காலம் நடந்தே வந்து பார்க்கிறேன். டீ மட்டும் சர்க்கரை இல்லாமல்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்