ஐயாற்றங்கரையில் தொலைந்த சீட்டு

தஞ்சையிலிருந்து திருவையாறு 13 கிலோமீட்டர். தொலைவு சிறிது, கடக்க வேண்டிய ஆறுகளோ ஐந்து. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஒவ்வொன்றையும் பாலத்தின்மீது கடந்தே ஊரை அடைகிறோம். தை மாதத்தில் இவ்வழிச் செல்வது தனி இன்பம். சாலையின் இருமருங்கிலும் சம்பா நெல் கதிர் முற்றித் தலைசாய்ந்து நிற்கும்.

1767-இல் திருவாரூரில் பிறந்த தியாகராசர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்து, 1847-இல் மறைந்த ஊர் இது. காவிரியின் வடகரையில் அவருடைய நினைவிடம் இருக்கிறது. அதற்குக் கோயில் எழுப்பத் தம் செல்வத்தையெல்லாம் ஈந்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் என்னும் இசைச்செல்வி. ஆண்டுதோறும் ஆராதனையின்போது பஞ்சமி நாள் காலையில் நூற்றுக்கணக்கான கலைஞர்கள் ஒன்றாக அமர்ந்து, நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து இராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுவர். சில ஆண்டுகளுக்கு முன்பு அதைக் கேட்கும் ஆவலுடன், நாங்கள் நால்வரும் இரண்டு மோட்டார் சைக்கிள்களில் சென்றிருந்தோம்.

இசையைப் பற்றி எழுத வல்லார் பலர் உளர். நாங்கள் எழுத விழைவது, அன்று எங்கள் வண்டிகளைக் காத்த ஒரு பெரியவரைப் பற்றி.

வெயிலில் நின்றபடி அவர் வண்டிகளை வரிசைப்படுத்திக் கொண்டிருந்தார். சீட்டின் ஒரு பாதியை வண்டியில் செருகி, மறு பாதியை எங்களிடம் தந்து, “ஹேண்டில் பூட்டாதீங்க ஐயா, பத்திரமா வெச்சுக்குங்க” என்றார். நாங்கள் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

பாட்டுக் கேட்டு, கடைத்தெருவில் அசோகா வாங்கிக்கொண்டு திரும்பியபோது உச்சிப்பொழுது. சட்டைப் பையில் ஒரு சீட்டுத்தான் இருந்தது. மற்றொன்றைக் காணோம்.

“சீட்டு இல்லாம வண்டியை விட முடியாதுங்க ஐயா” என்றார் பெரியவர்.

எங்களுக்குச் சினம் மூண்டது. “எங்கள் வண்டி எங்களுக்குத் தெரியாதா? எங்களைப் பார்த்தால் திருடர்களாகவா தெரிகிறது?” என்று உரத்த குரலில் கேட்டோம். சுற்றியிருந்தோர் திரும்பிப் பார்த்தனர். அவரோ குரலை உயர்த்தவில்லை. “கீழே கிடந்த சீட்டை ஒருத்தர் எடுத்துக்கிட்டு வந்து, நான் விசாரிக்காம உங்க வண்டியைக் குடுத்திருந்தா இப்ப என்ன சொல்வீங்க ஐயா?” என்றார்.

அதற்கு எங்களிடம் விடை இல்லை.

வண்டியின் பதிவுச் சான்று வீட்டில் இருந்தது. ஆனால், கைப்பேசியில் டிஜிலாக்கர் வழியாகக் காட்டும் சான்றை 2018 முதல் அரசு ஏற்கிறது என்பது நினைவுக்கு வந்தது. அதைத் திறந்து காட்டுவதற்குள் கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அப்பெரியவரின் ஒரு நாள் வாழ்வை நாங்கள் கண்டோம். ஒருவர் ஹேண்டிலைப் பூட்டிச் சென்றதால் பின்வரிசை முழுவதும் நகர வழியின்றி நின்றது. “ஐந்தே நிமிடம்” என்று வாயிலை அடைத்துக் காரை நிறுத்திய மற்றொருவரைக் காணவேயில்லை. சிறு கட்டணத்துக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார் ஒருவர். “நான் யார் தெரியுமா?” என்றார் இன்னொருவர். வசை எல்லாம் இறங்கிய இடம் அப்பெரியவர் தலைதான். கட்டணத்தை விதித்தவரும் அவரல்லர். இடத்தைக் குத்தகைக்கு எடுத்தவரும் அவரல்லர்.

பிறர் பொருளைக் காவலுக்கு ஏற்றவர், இயல்பான விவேகமுள்ள மனிதர் தம் பொருளைக் காப்பதுபோல் அதைக் காக்க வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். சாவியைப் பெற்றுக்கொண்டு விருந்தினரின் காரை நிறுத்திய ஒரு விடுதி, “உரிமையாளரே பொறுப்பு” என்று சீட்டில் அச்சிட்டுவிட்டுத் தன் கவனக்குறைவின் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2019-இல் தீர்ப்பளித்தது. சட்டம் படித்தாரோ இல்லையோ, அந்தக் கடமையைத்தான் பெரியவர் செய்தார். நாங்களோ அதை அவமதிப்பாக எண்ணினோம்.

சான்றிலிருந்த எண்ணை வண்டியின் எண்ணோடு ஒப்பிட்டார். குறிப்பேட்டில் கையொப்பம் வாங்கினார். அடைபட்டிருந்த வண்டிகளை ஒவ்வொன்றாக ஒதுக்கி எங்கள் வண்டியை வெளியே உருட்டித் தந்தார். “பாத்துப் போங்க ஐயா” என்றார். வெட்கத்தால் ஒரு நன்றிகூடக் கூறாமல் புறப்பட்டோம்.

இல்லம் சேர்ந்து பையைப் பிரித்தபோது, அசோகாப் பொட்டலத்தின் அடியில் எண்ணெய் படிந்து ஒட்டியிருந்தது அந்தச் சீட்டு. எங்கள் இளைய மகன் அதை எடுத்துப் பார்த்து, “நம்ம வண்டியைக் காப்பாத்தினவரையா திட்டினோம்?” என்று கேட்டான். மறு ஆண்டு மன்னிப்புக் கேட்பதற்கென்றே அங்குச் சென்றோம். வேறோர் இளைஞர் நின்றிருந்தார். பெரியவரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

அன்பார்ந்த வாசகர்களே! திருவிழாவுக்கோ திருமணத்துக்கோ குடும்பத்துடன் செல்லும்போது, சீட்டைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில்லறையை எடுத்து வையுங்கள். ஹேண்டிலைப் பூட்ட வேண்டாமென்றால் பூட்டாதீர்கள். யாவற்றுக்கும் மேலாக, வெயிலில் நிற்கும் அம்மனிதருக்கு ஒரு நன்றியைச் சொல்லிவிட்டு வாருங்கள். நாங்கள் சொல்லத் தவறினோம்.