பாலைக்குப் புறப்படுமுன்

நிலத்தை ஐந்தாகப் பகுத்தவர் தமிழர். அவ்வைந்தில் பாலைக்கு மட்டும் சொந்த நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டு நிற்கும் நிலையே பாலை என்கிறது சிலப்பதிகாரம். ஆகவே நம்மில் பலர் பாலைவனத்தைப் பாடநூலில்தான் பார்த்திருக்கிறோம். இக்கல்லூரியின் புவியியல் வகுப்பில் உலக வரைபடத்துப் பாலைகளுக்கு மஞ்சள் வண்ணம் தீட்டிய மாணவருள் நானும் ஒருவன். பின்னாளில் பிழைப்பு என்னைக் கலிபோர்னியாவில் கொண்டு சேர்த்தது. அங்கே அந்த மஞ்சளுக்குள்ளேயே நான்கு நாள் கூடாரம் அடித்துத் தங்கும் வாய்ப்பு 2025 பிப்ரவரியில் வாய்த்தது. அந்த நான்கு நாளுக்காக மூன்று மாதம் திட்டமிட்டோம். பயணத்தைவிடத் திட்டமிட்ட நாட்களே எனக்கு மிகுதியாகக் கற்றுத் தந்தன என்றால் மிகையாகாது.

நாங்கள் தேர்ந்த இடம் டெத் வேலி தேசியப் பூங்கா. மரணப் பள்ளத்தாக்கு என்று பொருள். பூங்கா என்றதும் பூச்செடியும் ஊஞ்சலும் நினைவுக்கு வரவேண்டாம். 13,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பு. அதன் பேட்வாட்டர் என்னும் உப்புத்தரை கடல் மட்டத்திற்கு 86 மீட்டர் கீழே கிடக்கிறது. 1913 ஜூலை 10ஆம் நாள் இங்கே பதிவான 56.7 டிகிரி செல்சியஸ் வெப்பமே உலகிலேயே மிக உயர்ந்ததாக இன்றும் ஏட்டில் உள்ளது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 50 மில்லிமீட்டர் அளவே. ஆனால் அந்த மழையையும் நம்ப முடியாது. 2023 ஆகஸ்டில் ஒரே நாளில் 56 மில்லிமீட்டர் கொட்டிச் சாலைகளை அடித்துச் சென்றது. பூங்காவை ஏறத்தாழ இரண்டு மாதம் மூடி வைத்தார்கள்.

முதல் கேள்வி, எப்போது போவது? விடுமுறை வசதி பார்த்துக் கோடையில் போகலாம் என்றார் ஒரு நண்பர். 2024 ஜூலையில் அங்கே ஒருவர் வெப்பத்தால் இறந்தார். காற்று 49 டிகிரிக்கு மேல் சூடேறி மெலிந்துவிட்டதால், மருத்துவ உதவி ஹெலிகாப்டரால் அங்கு வர இயலவில்லை. அதைக் கேட்டதும் கோடைப் பேச்சு அடங்கியது. பிப்ரவரி என்று முடிவாயிற்று.

அடுத்தது தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் வேண்டும் என்பது பூங்காக்காரர்கள் சொல்லும் குறைந்த கணக்கு. எட்டுப் பேர், நான்கு நாள், 128 லிட்டர். ஒரு நாள் தாமதமானால் 160. சமையலுக்கும் ரேடியேட்டருக்கும் சேர்த்து 180 லிட்டர் எடுத்தோம். அதை ஒரே வண்டியில் ஏற்றவில்லை. மூன்று வண்டியிலும் அறுபது அறுபதாகப் பிரித்தோம். ஒரு வண்டி பிரிந்துபோனாலும் அதிலிருப்போர் நா வறண்டு நிற்கக் கூடாதல்லவா!

கல்லும் மணலும் நிறைந்த தடத்தில் ஓட்டுவதற்கு வேறு ஆயத்தங்கள். டயரின் காற்றை 35 பவுண்டிலிருந்து 25க்கு இறக்கினால் அது கல்லின் மேல் சற்று நெகிழ்ந்து கொடுக்கும். திரும்பத் தார்ச்சாலைக்கு வந்ததும் காற்றேற்றக் கையோடு ஒரு பம்பு வேண்டும். மண்வெட்டி, இழுவைப் பட்டை, காகித வரைபடம், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவி ஆகியவற்றையும் சேர்த்தோம். கைப்பேசி அங்கே பெரும்பாலும் வெறும் கடிகாரம்தான். எந்த நாள் எந்த நேரம் திரும்புவோம் என்பதை எழுதி, ஊரில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்தோம்.

சட்டதிட்டங்களும் உண்டு. எக்கோ கேன்யன் போன்ற சில இடங்களில் இரவு தங்க அனுமதிச்சீட்டு வேண்டும். பின்புலக் காடுகளில் நெருப்பு மூட்டக் கூடாது. மண்தடத்தை விட்டுச் சக்கரம் ஓர் அடியும் இறங்கக் கூடாது. இது வீண் கெடுபிடி அன்று. 1942இல் ஜெனரல் பேட்டனின் படை மொஹாவி பாலையில் பயிற்சி பெற்றபோது டாங்கிகள் பதித்த தடங்கள் இன்றும் அங்கே தெரிகின்றன. மழையில்லா மண் எதையும் மறப்பதில்லை.

ஒரு மாலை, 1996ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றை எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அந்த ஜூலையில் ஜெர்மனியிலிருந்து வந்த இரு பெரியவர்களும் இரு குழந்தைகளும் இதே பூங்காவில் காணாமற் போயினர். அக்டோபரில் ஆன்வில் கேன்யன் என்ற ஓடையில், டயர்கள் கிழிந்த நிலையில் அவர்களின் வண்டி மட்டும் கிடைத்தது. பெரியவர்களுடையவை எனக் கருதப்படும் எலும்புகள் 2009இல்தான் பல கிலோமீட்டர் தள்ளிக் கண்டெடுக்கப்பட்டன. படித்து முடித்ததும் நெடுநேரம் யாரும் பேசவில்லை. அன்றுதான் எங்கள் விதி பிறந்தது. எந்த வண்டியாவது தன் ஸ்டெப்னியை மாட்ட நேர்ந்தால் அந்த இடத்திலிருந்தே மூன்று வண்டியும் திரும்ப வேண்டும். யாருடைய ஆசைக்காகவும் இதை மாற்றக் கூடாது.

எட்டுப் பேரில் ஒருவர் என் நண்பரின் தந்தை. ஊரில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தேழு, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர். அவரை அழைத்துப் போகலாமா என்று இரண்டு கூட்டம் விவாதித்தோம். அவரை விட்டுவிட்டுப் போவதற்குப் பதில், அவர் நடக்கும் வேகத்தையே எங்கள் வேகமாக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். மாத்திரையை இரண்டு பங்காக்கி இரண்டு வண்டியில் வைத்தோம். அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. ரேஸ்ட்ராக் என்னும் வறண்ட ஏரித்தரையில் தாமாக நகரும் கற்கள் இருக்கின்றன. தரையில் தேங்கும் மெல்லிய நீர் குளிர்கால இரவில் உறைந்து, பகலில் தகடுகளாக உடைய, இளங்காற்று அத்தகடுகளைத் தள்ள, அவை கற்களைத் தள்ளுகின்றன என்பது 2014இல் வெளியான ஆய்வில் தெளிவாயிற்று. தம் மாணவர்களுக்குச் சொல்ல இதைக் கண்ணால் காணவேண்டும் என்றார் அவர். மறுவாரம் அவர் ஊர் திரும்ப விமானச்சீட்டு எடுத்தாகிவிட்டது.

யூபிஹீபி எரிமலைவாயிலிருந்து ரேஸ்ட்ராக் 43 கிலோமீட்டர். தகரக் கூரைபோல் அலையலையான தடம். நடுநடுவே கத்தி முனைக் கற்கள். 32 கிலோமீட்டரில் டீகெட்டில் சந்திப்பு வரும். வழிப்போக்கர்கள் தேநீர்க் கெண்டிகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கும் பெயர்ப்பலகை அங்கே நிற்கிறது. அதன் அருகில் இரண்டாவது வண்டியின் டயர் பக்கவாட்டில் கிழிந்தது. ஸ்டெப்னியை மாட்டினோம். மற்ற வண்டிகளின் ஸ்டெப்னி அதற்குப் பொருந்தாது. கற்களுக்கு இன்னும் பத்துக் கிலோமீட்டர்தான்! எல்லாரும் பெரியவரைப் பார்த்தோம்.

"வண்டியத் திருப்புங்க தம்பி. கல்லு எங்க போயிடப் போவுது?" என்றார் அவர்.

"ஐயா, போற கல்லுன்னுதானே பாக்க வந்தோம்!" என்றேன். அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தோம். ஆனால் திரும்பும் வழியில் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே இருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

திரும்பும்போது எந்த டயரும் கிழியவில்லை. "போயிருக்கலாமே" என்று ஒரு நண்பர் இன்றும் சொல்வதுண்டு. போயிருக்கலாம்தான். போய்ப் பத்திரமாக வந்தும் இருக்கலாம். ஆனால் ஆபத்து வந்தால்தான் விதி சரி, வராவிட்டால் தவறு என்று கொண்டால், திட்டம் என்பதற்கே பொருள் இல்லை. தெரிந்து செயல்வகை என்று ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். தெரிந்துகொள்ள வேண்டியவற்றுள் எங்கே நிற்பது என்பதும் ஒன்று. அதை ஆசை நம் பக்கத்தில் வந்து உட்காருமுன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

மாணவ நண்பர்களே! நீங்கள் கொல்லிமலைக்குப் போனாலும் சரி, கடல் கடந்த பாலைக்குப் போனாலும் சரி, கூட்டமாகப் போகும்போது தண்ணீரை எண்ணுங்கள், டயரை எண்ணுங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக உடன் வருபவரை எண்ணுங்கள். எட்டுப் பேராகப் போய் எட்டுப் பேராக வீடு திரும்புவதைவிடப் பெரிய காட்சி எந்தப் பாலையிலும் இல்லை.