கண்ணாடியின் உட்புறம்

கண்ணாடிக்குச் சிறப்பு, அது கண்ணுக்குத் தெரியாதிருப்பதே. அது தெரியத் தொடங்கும்போது அதற்கப்பால் உள்ளவை மறையத் தொடங்குகின்றன. கற்பிட்டிக் குடாநாட்டின் தோட்டங்களிலிருந்து மரக்கறி ஏற்றும் பழைய வான் வண்டியொன்றின் சாரதிக்கும் அவருடைய மகனுக்கும் இவ்வுண்மை ஒரு மாலைப்பொழுதில் விளங்கிற்று.

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் பாதை, புத்தளம் களப்பின் தென்புறத்தைச் சுற்றி முதலில் மேற்கே சென்று, பின்னர் நுரைச்சோலை வழியாக வடக்கே திரும்புகின்றது. மேற்கு நோக்கிய பகுதியில் மாலைச் சூரியன் சாரதியின் முகத்துக்கு நேரே நிற்கும். அன்று முன்கண்ணாடி முழுவதும் திடீரென வெளுத்துப் போயிற்று. உப்பளத்தில் வேலை முடித்துச் சைக்கிளில் வீடு திரும்பிய முதியவரொருவர், மிக அண்மையில் வந்த பின்னரே சாரதியின் கண்ணிற் பட்டார். வண்டி பாதையோர மணலில் இறங்கி நின்றது. முதியவர் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் கூறாது மிதித்துச் சென்றார். அவர் ஏசியிருந்தாலும் ஆறுதலாய் இருந்திருக்கும்.

மகனின் முகம் வாடிற்று. நாள்தோறும் வண்டியைக் கழுவுபவன் அவனே. உப்புக்காற்றுப் படிந்த கண்ணாடியை அன்று காலையும் இரண்டு வாளி நீரூற்றிக் கழுவியிருந்தான். ஆயின், அவன் கழுவியது வெளிப்புறத்தை மட்டுமே.

வீடு சேர்ந்ததும் உட்புறத்தில் விரலை இழுத்துப் பார்த்தான். விரல் சென்ற தடம் தெளிவாகத் தெரிந்தது. விரல் நுனி பிசுபிசுத்தது. ஈரத்துணியால் துடைத்தான், படலம் அகலவில்லை, இடம் மாறியது. சவர்க்கார நீரால் துடைத்தான். காய்ந்தபின் வரிவரியாய்க் கோடுகள் எஞ்சின.

பாடசாலை இரசாயன ஆசிரியர் காரணத்தை விளக்கினார். வண்டியின் உட்புறத்துப் பிளாஸ்டிக் மென்மையாய் இருக்கும்பொருட்டு, நெகிழ்வூட்டிகள் எனும் எண்ணெய்த்தன்மை வாய்ந்த பொருட்கள் அதிற் சேர்க்கப்படுகின்றன. வெயிலில் நிற்கும் வண்டியினுள் வெப்பம் ஏற, அவை சிறிது சிறிதாக ஆவியாகிக் கண்ணாடியில் ஒடுங்கிப் படிகின்றன. சிகரெட் புகையும், யன்னல்வழி நுழையும் உப்பீரமும் தூசும் அவற்றுடன் சேர்கின்றன. எண்ணெயை வெறும் நீர் கரைப்பதில்லை. நிழலிற் புலப்படாத இப்படலம், சாய்ந்த கதிர்கள் நேரே விழுகையில் ஒளியைச் சிதறடித்துப் பார்வையை மறைக்கின்றது.

மருந்துக்கடையில் வாங்கிய ஐசோபுரோப்பைல் அற்ககோலுடன் சம அளவு நீரைக் கலந்தான் மகன். அது தீப்பற்றும் பொருளாதலால் வண்டியை அடுப்புக்குத் தொலைவே, வேப்பமர நிழலில் நிறுத்திக் கதவுகளைத் திறந்து வைத்தான். கலவையைக் கண்ணாடியில் ஊற்றாது துணியில் நனைத்தான். ஒரு துணி படலத்தைக் கரைத்தது. அது உலருமுன் மற்றொரு துணி அதனை ஒற்றியெடுத்தது. அழுக்கான பக்கத்தை மடித்து மடித்துப் புதுப்பக்கத்தால் துடைத்தான். உள்ளே மேல்கீழாகவும் வெளியே இடவலமாகவும் துடைத்தமையால், எஞ்சிய கோடு எப்புறத்தது என்பது உடனே தெரிந்தது. கை புகாத கீழ்மூலைக்கு, துணி சுற்றிய அடிமட்டம் உதவிற்று. அலகினாற் சுரண்ட அவன் முற்படவில்லை. அழுக்குப் போகும், கீறல் போகாது.

துணி தேநீர் நிறமாயிற்று. தந்தை அதனை வாங்கிப் பார்த்தார். அவரது கை சட்டைப்பையிலிருந்த சிகரெட் பெட்டியை ஒருமுறை தொட்டு மீண்டது.

மறுநாள் மாலை, அதே பாதை; அதே நேரம். உப்பளத்து முதியவர் வெகு தொலைவிலேயே தெரிந்தார். தந்தை வேகத்தைக் குறைத்து, போதிய இடம்விட்டு அவரைக் கடந்தார். முதியவர் ஒரு கையை உயர்த்தினார்.

"இண்டைக்கு வெயில் கொஞ்சம் குறைவுதான், மகன்" என்றார் தந்தை.

சூரியன் முந்திய நாளைப் போலவே எரிந்துகொண்டிருந்தது. மகன் மறுத்துரைக்கவில்லை.