மீதி எட்டு பேரில் ஒருத்தர்

2020 ஜனவரி 26. கோபி பிரையன்ட் போன ஹெலிகாப்டர் கலிஃபோர்னியாவில் கலபாஸஸ் மலைச்சரிவில் விழுந்த செய்தி உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். கூடைப்பந்தைக் கையால் தொட்டிராத என் நண்பர்கள்கூட அன்றைக்கு மஞ்சளும் ஊதாவுமாக ஸ்டேட்டஸ் வைத்தார்கள். எல்லாச் செய்தியிலும் ஒரே வரி, 'கோபி உட்பட 9 பேர் பலி'. சரி, மீதி எட்டு பேர் யார் என்று தேடப் போய்த்தான் இந்த மனுஷனைப் பற்றித் தெரிந்தது.

ஜான் ஆல்டபெல்லி. வயது 56. பசங்களுக்கு 'ஆல்டோ'. கோஸ்டா மேசா என்ற ஊரில் இருக்கும் ஆரஞ்ச் கோஸ்ட் காலேஜின் பேஸ்பால் கோச். ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, 27 சீசன்! 700-க்கும் மேல் வெற்றிகள், நான்கு முறை மாநில சாம்பியன். கடைசியாக ஜெயித்தது 2019-ல். அந்த வருஷம் அமெரிக்க பேஸ்பால் கோச்சுகள் சங்கம் தேசிய அளவில் சிறந்த கோச் விருதும் கொடுத்தது.

இதெல்லாம் பெரிய யுனிவர்சிட்டியில் நடந்திருந்தால் நான் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். ஆரஞ்ச் கோஸ்ட் ஒரு கம்யூனிட்டி காலேஜ். அதாவது இரண்டு வருஷப் படிப்பு. நாலு வருஷக் கல்லூரிகள் கண்டுகொள்ளாத பசங்க, மார்க் குறைந்தவர்கள், கையில் காசு இல்லாதவர்கள் வந்து சேருகிற இடம். கலிஃபோர்னியாவில் இந்தக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கொடுக்கவும் முடியாது. நன்றாக ஆடினால் இரண்டு வருஷத்தில் பெரிய காலேஜ் கூப்பிடும், பையன் கிளம்பிவிடுவான். கோச் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் வருஷம் இன்ஜினியரிங் வந்தவன். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் 'ப்ளஸ் டூ என்ன ஆச்சு?' என்று இன்னமும் கேட்கிறார்கள். அதனால் எனக்கு இந்த விஷயம் கொஞ்சம் கூடுதலாகவே உறைத்தது. நம்மைப் போன்ற கேஸ்களுக்கு அந்த மாதிரி இடம் ஒரு பஸ் ஸ்டாண்ட்தான், வண்டி வந்ததும் ஏறிப் போய்விடுகிறோம். அங்கேயே 27 வருஷம் நின்று ஒவ்வொருத்தனாக வண்டி ஏற்றிவிட்ட ஆளை யார் நினைத்துப் பார்க்கிறோம்?

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை அவர் டீமுக்கு சீசனின் முதல் மேட்ச். நம்மூரில் ஜோனல் மேட்சுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பி.டி. மாஸ்டர் வீட்டுப் பக்கமாவது தலை காட்டுவாரா? இவர் மகள் அலிஸாவின் கூடைப்பந்து மேட்சுக்குக் கிளம்பியிருந்தார், மனைவி கெரியோடு. அலிஸாவும் கோபியின் மகள் ஜியானாவும் ஒரே டீம். அந்த மேட்சுக்குப் போகும் வழியில்தான் எல்லாம் முடிந்தது. மேகமூட்டத்துக்குள் பைலட்டுக்குத் திசை தடுமாறிவிட்டது என்று 2021-ல் விசாரணை சொன்னது. அப்பா, அம்மா, கடைசிப் பெண் மூன்று பேரும் ஒன்றாகப் போய்விட்டார்கள். வீட்டில் மிஞ்சியது ஒரு மகனும் ஒரு மகளும். கோபி வீட்டுத் துக்கத்தை உலகமே பங்கு போட்டுக்கொண்டது. இந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றி எத்தனை டி.வி. பேசியது?

செவ்வாய்க்கிழமை மேட்சைத் தள்ளிப்போடவில்லை. கோச் இறந்து இரண்டே நாளில் அந்தப் பசங்க மைதானத்தில் இறங்கி ஆடினார்கள். நானாக இருந்தால் ஷூ லேஸ்கூடக் கட்டியிருக்க முடியாது.

இன்னொன்று. கோடை விடுமுறையில் கல்லூரிப் பசங்க ஆடுகிற கேப் காட் லீக் என்று ஒன்று உண்டு. 2012-லிருந்து மூன்று கோடை, ஆல்டோ அங்கே ப்ரூஸ்டர் டீமை நடத்தினார். 2012-ல் அவரிடம் ஆடியவர்களில் ஆரன் ஜட்ஜ், ஜெஃப் மெக்நீல் என்று இரண்டு பேர். தனக்கு ப்ரொஃபஷனலாக ஆட வாய்ப்பு கிடைத்ததற்கு ஆல்டோவும் முக்கிய காரணம் என்று விபத்து நடந்த அன்றே மெக்நீல் எழுதினார்.

சரியாகப் பத்து வருஷம் கழித்து, 2022-ல், ஜட்ஜ் 62 ஹோம் ரன் அடித்தார். 1961-லிருந்து நின்ற அமெரிக்கன் லீக் சாதனை உடைந்தது. அதே வருஷம் நேஷனல் லீக்கின் பேட்டிங் பட்டம் மெக்நீலுக்கு. எனக்கு பேஸ்பால் இன்றைக்கும் பாதிதான் புரியும். ஆனாலும் அந்த இரண்டு செய்தியையும் படித்தபோது முதலில் ஞாபகம் வந்தது இந்த மனுஷன்தான்.