சுளுக்கா, முறிவா?

படி இறங்கும்போது கால் மடங்கிவிடுகிறது. சற்று நேரத்தில் கணுக்கால் கொழுக்கட்டை மாதிரி வீங்குகிறது. வீட்டில் ஆளுக்கொரு யோசனை. சுளுக்கு வழிக்கச் சொல்கிறார் பாட்டி, புத்தூர் கட்டு என்கிறார் மாமா, உடனே எக்ஸ்ரே என்கிறாள் மகள்.

மருத்துவர்களுக்கும் இந்தக் குழப்பம் இருந்தது. கணுக்காலில் அடிபட்டு வந்தவர்களுக்கெல்லாம் எக்ஸ்ரே எடுத்தார்கள்; பெரும்பாலானோருக்கு முறிவே இல்லை. கனடாவின் ஆட்டவா நகரில் இயன் ஸ்டீல் என்ற அவசர சிகிச்சை மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1992இல் இதற்கு ஒரு விதி வகுத்தார்கள்.

கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பைப் பாருங்கள். அதன் நுனியிலோ, அங்கிருந்து 6 செ.மீ. மேலே வரை பின்விளிம்பிலோ அழுத்தினால் வலிக்கிறதா? அடிபட்ட உடனேயும் சரி, மருத்துவர் பார்க்கும்போதும் சரி, 4 அடி எடுத்துவைக்க முடியவில்லையா? கணுக்கால் வலியோடு இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே தேவை. நொண்டி நடந்தாலும் நடைதான். பாதத்தின் நடுவே வலித்தால் சுண்டுவிரல் பக்கத்து வெளியோர எலும்பையும், உள்பக்க எலும்பையும் மருத்துவர் அழுத்திப் பார்ப்பார்.

நம்மை அதிகம் பயமுறுத்தும் வீக்கத்துக்கு இந்த விதியில் இடமே இல்லை!

ஆனால் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் இதை நம்பவே கூடாது. முறிந்த காலோடும் அவர்கள் வலி தெரியாமல் நடந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட பெரியவர் வீட்டில் இருந்தால், “நடக்கிறாரே” என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

கால் கோணிப்போயிருந்தால், எலும்பு வெளியே தெரிந்தால், விரல்கள் சில்லிட்டு வெளுத்தால் எந்தச் சோதனையும் வேண்டாம். நீவாமல், அசைக்காமல் உடனே 108ஐ அழையுங்கள்.